லூர்து பிடித்த மூச்சு

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் குடியிருப்பைக் கட்டியவன் அப்படிக் கட்டிவிட்டான், அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் மொத்தமே இரண்டு வீடு, எதிரும் புதிருமாக. நடுவே ஆறடி நடை. பூவராகன் சார் வீட்டுக் கதவு திறந்திருந்தால் என் கண் தானாகப் போகும். சாத்தியிருந்தால் காது போகும். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

அதனால், லூர்துமேரி விஷயத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று முழுசாகத் தெரிந்த ஆள் உறையூரிலேயே நான் ஒருத்திதான்.

பூவராகன் சார் மின்வாரியத்தில் ஏ.இ.யாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த மனிதர், ஒரு பிளம்பரைக் கூப்பிட மாட்டார். மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு ஒழுங்காக அடைக்கவில்லை என்று தானே இரும்பு ஏணியில் ஏறினார். இறங்கியது ஏணி வழியாக இல்லை. கழுத்தெலும்பு போயிற்று. உயிர் தங்கியது, ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தொண்டைக் குழியில் ஓட்டை போட்டு, ஒரு டியூபைச் செருகி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூச்சு அந்த டியூப் வழியாகத்தான். குரல் கிடையாது. உதடு மட்டும் அசையும். பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது நம் பாடு.

நமக்குச் சளி கட்டினால் இருமித் துப்பிவிடுகிறோம். அவருக்கு இருமத் தெம்பு இல்லை. சளி டியூபுக்குள் ஏறிக்கொண்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிற மாதிரி கொழகொழவென்று சத்தம் வரும். அப்போது ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு மிஷினால் உறிஞ்ச வேண்டும். வம்பு என்னவென்றால், சளியோடு சேர்ந்து மூச்சும் உறிஞ்சப்பட்டு வெளியே வந்துவிடும். ரொம்ப நேரம் உறிஞ்சினால் ஆள் நீலமாகிவிடுவார். சீக்கிரம் எடுத்தால் சளி உள்ளேயே நிற்கும். மருந்துக்கடை ட்ரோன் மாத்திரையை பால்கனியில் போட்டுவிட்டுப் போகிற காலம் இது. இருந்தும் இந்த ஒரு வேலைக்கு மனுஷக் கைதான் வேண்டியிருந்தது.

தவமணியின் கை அதற்கு ஆகவில்லை. மனைவிதான், முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியம்தான். ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு நடுங்கும். உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும் அடுக்களைக்குள் போய்விடுவாள். முகத்தைப் பார்த்தால் ஓட்டையும் தெரியும் என்பதால் முகத்தையே பார்க்க மாட்டாள். உதட்டைப் படிக்கப் பழகாமல் போனது அப்படித்தான்.

வேலைக்கு வந்த முதல் பெண் போனைப் பார்த்துக்கொண்டே குழாயை விட்டாள். இரண்டாவது பெண் மயங்கி அவர் மேலேயே விழுந்தாள். மூன்றாவதாக வந்தவள்தான் லூர்துமேரி. புறத்தாக்குடிக்காரி, நாற்பது நாற்பத்திரண்டு வயசு இருக்கும். வந்த அன்றைக்கே மரியாதைக்கு விசாரித்தேன்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"இருக்கான்க்கா, எங்கயோ" என்றாள். அதற்கு மேல் நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்தபின் அந்த வீட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் நின்றது. நாலு வருஷம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய். ராத்திரி கொழகொழ என்ற மறுநிமிஷம் எழுந்து நிற்பாள். சாயங்காலம் டிவியில் கபடி ஓடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்சி. அவர் உதட்டாலேயே அவளைத் திட்டுவார். "அவுட்டு சார், அவுட்டு! கண்ணு தெரியலையா? அதுக்கும் ஒரு மிஷின் வாங்கணுமா?" என்று அவள் கத்துவாள். அவர் தோள் குலுங்காமல், வயிறு குலுங்காமல், முகத்தால் மட்டும் சிரிப்பார். அடுக்களையில் தவமணி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கவிழ்ப்பாள்.

ஒருநாள் கறிவேப்பிலை கேட்கப் போனேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது, அது வேறு விஷயம். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. லூர்து குழாயை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். கன்னம் உப்பி, கண் விரிந்து, காவிரியில் முங்குகிறவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். குழாயைத் திருகித் திருகி வெளியே எடுத்தாள். எடுத்ததும் 'ஹா' என்று மூச்சை விட்டாள். சாரும் அதைக் கவனித்திருப்பார் போல. உதட்டை அசைத்தார்: ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிறே?

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று அவளுக்கு வெட்கம். "குழாய் உள்ள இருக்கற வரைக்கும் உங்களுக்கு மூச்சு இல்லல்ல சார்? எனக்கு மட்டும் என்னத்துக்கு? எனக்கு முட்டுச்சுன்னா உங்களுக்கும் முட்டும். உடனே எடுத்துருவேன். கடிகாரத்தப் பாத்தா உங்க மூஞ்சியப் பாக்க முடியாது. யார்ட்டயும் சொல்லிராதீங்க சார், சிரிப்பாங்க."

நான் யார்ட்ட சொல்றது, என்றது அவர் உதடு.

இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். நான் கறிவேப்பிலை கேட்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் கிஷோர் வந்தான். சட்டைப் பையில் அடையாள அட்டை, முகத்தில் தூக்கமின்மை. கம்பெனி அவர்கள் கருவிக்கு 'நேசக்கரம்' என்று பேர் வைத்திருந்தது. மிக்ஸி அளவுக்கு ஒரு பெட்டி; அதிலிருந்து சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு கை, நுனியில் உறிஞ்சுகுழாய். பார்த்த மாத்திரத்தில் நான் வைத்த பேர் தும்பிக்கை. எங்கள் குடியிருப்பில் அந்தப் பேர்தான் நின்றது.

"சிஸ்டர், உங்க கை மாதிரி ஒரு கைய நாங்க எங்கயும் பாக்கல" என்று லூர்துவிடம் ஒரு கையுறையை நீட்டினான். பின்பக்கம் பூராவும் மயிரிழை போல ஒயர். "இதப் போட்டுக்கிட்டு எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்க. மிஷின் பாத்துக் கத்துக்கும். அப்புறம் ராத்திரி நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"காலேஜ் படிச்ச பசங்க செஞ்ச மிஷினுக்கு நானா வாத்தியார்?" என்று லூர்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரிதான் அதற்குக் கற்றுக்கொடுத்தாள். "டேய், உள்ள போகும்போது உறிஞ்சக் கூடாதுடா. வரும்போதுதான். திருகிக்கிட்டே வரணும், வெடுக்குனு இழுத்தா அவருக்கு வலிக்கும்ல?"

"அதுக்குக் காது இருக்கா தம்பி?" என்று கிஷோரைக் கேட்டேன்.

"ரூம்ல கேக்கற எல்லாத்தையும் கேக்கும் ஆன்ட்டி. சத்தத்த வெச்சுத்தான் சளி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கும்."

"எல்லாத்தையுமா?"

ஒரு வாரம் அந்த அறையில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்புறம் மறந்துவிட்டது.

பதினெட்டு மாசம் கையுறை. பிறகு இருபத்தோரு நாள் பரீட்சை. லூர்து கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. தும்பிக்கை தானாக எழும், தானாக உள்ளே போகும், கச்சிதமாகத் திரும்பும். ஒருமுறைகூடப் பிசகவில்லை. கிஷோர் கணினியில் பச்சைக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். நான் லூர்துவைப் பார்த்தேன். தும்பிக்கை உள்ளே போகும்போதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் கன்னம் உப்பியது. வெளியே வந்ததும் 'ஹா' என்றாள். பழக்கதோஷம்.

கடைசி நாள் கிஷோர் சாரிடம் சம்மதம் கேட்டான். ஆமாம் என்றால் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்ட வேண்டும். "சார், நேசக்கரத்த இங்கயே வெச்சுக்கலாமா?"

சார் இரண்டு தடவை சிமிட்டினார். லூர்துவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில் தவமணி அவளை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "நீ வேற எடம் பாத்துக்க லூர்து. இனிமே நாங்களே சமாளிச்சுக்குவோம்."

"சார் சொன்னாரா?"

"அவர்தான் நேத்து உன் எதிர்லயே சம்மதம் குடுத்தாரே."

குப்பை வைக்க வெளியே வந்த எனக்கு இவ்வளவும் காதில் விழுந்தது. பிற்பாடு தவமணியை, ஏன் இப்படி என்று கேட்டேன். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "என் புருஷன் என்ன சொல்றார்னு நாலு வருஷமா நான் இன்னொருத்தியக் கேக்கறேன் செண்பகம். சொந்த வீட்ல நான் துபாஷி வெச்சிருக்கேன்." நியாயமில்லை என்று எப்படிச் சொல்வேன்?

லூர்து பையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றபோது நானும் நடையில் இருந்தேன். சாரின் உதடு ஓயாமல் அசைந்தது. "மிஷின் வரட்டும்னேன். நீ தூங்கணும்னு. நீ போகணும்னு சொல்லல. நீ போகணும்னு சொல்லல." ஆனால் லூர்து அவர் காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காதபோது அவர் பேச்சு எங்கே போய்ச் சேரும்? படியிறங்கியவளைக் கூப்பிட்டு நான் சொல்லியிருக்கலாம். காஸ் வண்டிக்காரன் மணியடித்தான், சிலிண்டர் எடுக்கப் போய்விட்டேன்.

அவள் போன அன்றைக்கே தும்பிக்கைக்குப் புத்தி பிசகியது.

உள்ளே போனால் வெளியே வரத் தெரியவில்லை. பதினைந்து நொடி, இருபது நொடி, உறிஞ்சிக்கொண்டே நிற்கும். சாரின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவி தொண்ணூற்றாறிலிருந்து எண்பதுக்கு இறங்கி வீல்வீலென்று கத்தும். முப்பது நொடி ஆனால் தானாக நின்றுவிடும்படி கம்பெனி ஒரு கட்டு போட்டிருந்ததால் பிழைத்தார். இன்னொரு சமயம் உள்ளே போன கையோடு, சளியைத் தொடக்கூட இல்லாமல், வெளியே வந்துவிடும். தவமணி கைகளைப் பிசைந்துகொண்டு நடைக்கும் அடுக்களைக்கும் அலைந்தாள். அவள் கையும் ஆகாது, வேறு ஆளும் கிடையாது. வீட்டுக்கு வீடு தும்பிக்கை வரப்போகிறது என்றதுமே கைவேலை தெரிந்தவர்கள் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்கள். கிஷோர் குழாயை மாற்றினான், வடிகட்டியை மாற்றினான், பெட்டியையே மாற்றினான்.

"இந்த வாரம் வெச்ச மத்த வீட்லயும் இதேதான் ஆன்ட்டி" என்றான் என்னிடம் ரகசியமாக. "சிஸ்டர் கையக் கத்துக்கிட்ட எல்லா மிஷினும். லேப்ல பதினாலு பேர் உக்காந்து தேடறோம்."

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தவமணி போனை எடுத்தாள். அழுதாள். அதை நடையில் நின்று அழுததால் எனக்குத் தெரியும். லூர்து துறையூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர இருந்தாள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தங்கியிருந்த ஹாஸ்டல் அறையையும் காலி செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். "அவரே கூப்பிட்டாராக்கா?" என்று மட்டும், போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். "அவர்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றேன். அது நிஜம். 'லூ' என்று உதடு குவிவதை ஒரு நாளைக்கு இருபது தடவை நானே பார்த்திருக்கிறேன். "அப்ப சரி. அவர் வேணாம்னு சொல்லலைன்னா எனக்கு அது போதும்" என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடைத்தெருவிலிருந்து முழங்கால் வலியோடு ஏறி வந்தேன். எதிர் வீட்டில் கருவி வீலென்று கத்தியது. போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? தும்பிக்கை தொண்டையில் நிற்கிறது. கிஷோர் கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். தவமணி வழக்கம்போல அடுக்களையில். பிரம்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

தும்பிக்கை சட்டென்று வெளியே வந்துவிட்டது.

எனக்கு மனசில் ஏதோ பொறி தட்டியது. அடுத்தமுறை அது உள்ளே போனதும் நாலு எண்ணிவிட்டு வேண்டுமென்றே 'ஹா' என்றேன். வந்தது. தற்செயலாக இருக்கலாமே என்று மூன்றாவது முறை நான் மூச்சே விடவில்லை. தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்து மூன்று. சாரின் கண் என் மேலேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. 'ஹா' என்றேன். வந்தது.

"தம்பி" என்று எழுந்தேன்.

சாரின் உதடு அசைந்தது: வேண்டாம்.

தெளிவாகப் பார்த்தேன். அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை லூர்து வரப் போகிறாள் என்பது அப்போது உனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பதினாலு பேருக்குத் தெரியாத ஒன்று என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்க என்னால் ஆகவில்லை.

"உங்க மிஷின் அவ கையப் பாத்துக் கத்துக்கல தம்பி. அவ மூச்சக் கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு. குழாய் உள்ள போறப்ப அவ மூச்சப் புடிச்சுக்குவா. வெளிய எடுத்ததும் விடுவா. இருபத்தோரு நாளும் ஸ்டூல்ல உக்காந்து அதையேதான் பண்ணா. இப்ப அவ இல்ல. யாராச்சும் பெருமூச்சு விடட்டும்னு அது காத்துக்கிட்டு நிக்குது."

கிஷோர் வாய் பிளந்து நின்றான். "பரீட்சை பூரா பக்கத்துல உக்காந்து காப்பி அடிச்சிருக்கு" என்றான் மெதுவாக. "நாங்க நூத்துக்கு நூறு போட்டிருக்கோம்."

"அப்ப பத்து நொடின்னு ஒரு கணக்கு வெச்சுட்டுப் போங்களேன்."

"அதான் முதல்லயே வெச்சுப் பாத்தோமே ஆன்ட்டி, சரியா வரல. சளி கெட்டியா இருந்தா கூட ரெண்டு நொடி வேணும், சார் முகம் மாறினா உடனே நிறுத்தணும். இதெல்லாம் பாத்துப் பாத்து அவங்க மூச்ச நீட்டியிருக்காங்க, குறைச்சிருக்காங்க. மிஷினுக்கு அந்த மூச்சுதான் வழிகாட்டி." அவன் விரல்கள் கணினியில் பறந்தன. "பதினெட்டு மாசச் சத்தமும் எங்ககிட்ட இருக்கு. அதுலேர்ந்து அவங்க மூச்ச நாங்களே செஞ்சுக்கலாம். எந்த இடத்துல அவங்க விட்டிருப்பாங்களோ அங்க மிஷினே தனக்குத்தானே சத்தமா விட்டுக்கும்."

"அவளக் கேக்க வேணாமா?"

"கையுறை போடறப்பவே கையெழுத்து வாங்கியிருக்கோம். ஆன்ட்டி, இத வெளிய யார்ட்டயும் சொல்லிராதீங்க, ப்ளீஸ். கம்பெனி விஷயம்."

என்னைப் பார்த்து ஒருவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. தவமணி காப்பியோடு வந்தபோது, "கண்டுபிடிச்சாச்சு மேடம்" என்று மட்டும் சொன்னான். அவர்கள் அறிக்கையில் என் பேர் வரும் என்று எதிர்பார்த்தேன். 'கள ஆய்வில் தெரியவந்தது' என்று எழுதிவிட்டார்களாம்.

வியாழக்கிழமையே தும்பிக்கை சரியாகிவிட்டது. தவமணி சாயங்காலம் லூர்துவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவள் கோயிலில் இருந்தாளோ, பஸ்ஸில் இருந்தாளோ, எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். கையில் பை, பைக்குள் பாய் சுருட்டி நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் கொஞ்சம் மல்லிகை. நான் அவளைப் பூவோடு பார்த்ததே இல்லை. படியேறி வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்து, எதிர் வீட்டு மணியில் விரலை வைக்கப் போனாள். உள்ளே கொழகொழவென்று சத்தம் கேட்டது. கை அப்படியே நின்றது.

ஒரு பெண் மூச்சை இழுக்கிற சத்தம் வந்தது.

"உள்ள யாருக்கா?" என்றாள் தாழ்ந்த குரலில். "வேற ஆள் போட்டுட்டாங்களா?"

உள்ளே மோட்டார் ஓடியது. லூர்து தன்னையறியாமல் கன்னம் உப்ப நின்றாள். உள்ளே இருந்தவளும் விடவில்லை, இவளும் விடவில்லை. பிறகு கதவுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே நேரத்தில் 'ஹா' என்றது.

லூர்து பையைக் கீழே வைத்தாள்.

"அது நான்க்கா" என்றாள்.

சத்தம் கேட்டுத் தவமணி கதவைத் திறந்தாள். "ஐயோ லூர்து, நேத்தெல்லாம் போன் பண்ணேன், நீ எடுக்கவே இல்ல. மிஷின் சரியாயிருச்சு. வா, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

"இல்லம்மா." அவள் கண் தவமணியைத் தாண்டி அறைப்பக்கம் போய் நின்றது. அங்கிருந்து கட்டிலின் கால்மாடு மட்டும்தான் தெரியும். "என் மூச்சு எப்படிம்மா அதுக்குள்ள போச்சு?"

"எனக்கென்ன தெரியும், கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சாங்களாம்."

லூர்து அதற்கு மேல் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். முதல் மாடித் திருப்பத்தில், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"துறையூர்ல கேட்டுப் பாரேன்" என்றேன்.

"அங்க ஆள் போட்டாச்சு. நான்தானே வேணாம்னேன்." தலையிலிருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "கை போனாப் போகுதுக்கா. கைய நானாத்தான் குடுத்தேன், வாத்தியார்னு சொன்னாங்கன்னு பல்ல இளிச்சுக்கிட்டுக் குடுத்தேன். மூச்சு விஷயம் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? இத நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அதுவும் அவராக் கேட்டதால."

நான் சுவரைப் பார்த்தேன். யாரோ பென்சிலால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார்கள்.

"கிஷோர் தம்பி அவர்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டு, ஆமான்னா கண்ணச் சிமிட்டச் சொல்வார்ல? அப்படித்தான் வாங்கியிருப்பாங்க. முதல் தடவ சிமிட்டுனப்பகூட, அம்மா சொல்லிச் செஞ்சிருப்பார்னு மனசத் தேத்திக்கிட்டேன். இது யாரும் சொல்லி வராதுல்லக்கா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எந்நேரமும் அங்கதான இருக்கீங்க. அவர்தான் சொன்னாரா?"

கேட்டாள். நேராகக் கேட்டாள். ஊர்க்கதையெல்லாம் தெரிந்த என் வாயில் மூன்றே வார்த்தை வந்தது.

"எனக்கென்ன தெரியும் லூர்து?"

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள், பதில் கிடைத்துவிட்ட மாதிரி. "நீங்க நல்லவங்க. அவரக் காட்டிக் குடுக்க மாட்டீங்க" என்றாள். பூவைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இது மாசி மாசம் நடந்தது. இப்போது பங்குனி முடியப் போகிறது. ஒன்பதாயிரம் வீட்டில் அவள் மூச்சு ஓடுகிறது என்று போன வாரம் கிஷோர் பெருமையாகச் சொன்னான். லூர்து எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. வேளாங்கண்ணியில் கடலை விற்கிறாள் என்றார்கள், மணப்பாறையில் மில்லில் என்றார்கள். தவமணிகூட இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்தாள். "சும்மா வந்து ஒருதரம் அவரப் பாத்துட்டுப் போயேன்" என்று கேட்டதற்கு, "அவருக்குத்தான் நான் உள்ளயே இருக்கேனே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். இப்போது அந்த நம்பரே இல்லை.

சார் உடம்புக்கு ஒன்றும் இல்லை. விரலில் எப்போதும் தொண்ணூற்றாறு. ஆனால் கபடி வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். தும்பிக்கை மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, யாராவது நிற்கிறார்களா என்று பக்கத்தில் பார்க்கிறார்.

நேற்று மத்தியானம் போயிருந்தேன். வெயில் கொளுத்தியது. தவமணி கட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் சார் என்னைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து உதடு அசைந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பது மாதிரி.

நான் சொல்லல. நீங்கதான்னு. அவகிட்ட. சொல்லுங்க.

அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தவமணி கீரையிலிருந்து தலை நிமிர்ந்தாள். "என்னமோ சொல்றாரே. என்ன வேணுமாம் செண்பகம்?"

"ஃபேனக் குறைக்கச் சொல்றார்" என்றேன்.

"இந்த வெயில்லயா?" என்றாள். ஆனாலும் எழுந்துபோய், சுவரிலிருந்த ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தாள். காற்று நின்றது. அவர் நெற்றியில் வேர்க்கத் தொடங்கியது. கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை, உதட்டை மட்டும் மூடிக்கொண்டார்.